நாககிரியில் பால் காய்ப்பு

மார்ச் 28, வெள்ளி

இன்று 'நாககிரி' சீரியலில் விஷப் பாயசம்! தங்கக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று காட்டவில்லை, வளையல் போட்ட கையை மட்டும் காட்டினார்கள். எனக்கு வளையல் போதும். அது இளைய இளவரசி மேகவல்லியின் தோழி குமுதை. மூத்த இளவரசி ரத்னமாலை கிண்ணத்தை எடுத்தாள், உதட்டருகே கொண்டுபோனாள், முகத்தை மூன்று தடவை கிட்டத்தில் காட்டினார்கள், இடி இடித்தது, முடித்துவிட்டார்கள்.

"அரண்மனைக்குள்ள எப்பிடி இடி இடிக்கும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இவரை மாதிரி ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரச கதை பார்க்கக் கூடாது. தூண் ஆடுகிறது, குதிரை எல்லாருக்கும் ஒன்றுதான் என்று எனக்கும் தெரியும். அந்தப் பட்டையும் கல் வைத்த ஒட்டியாணத்தையும் பார்த்தால் தூணை யார் பார்ப்பார்கள்? அம்பாசமுத்திரத்தில் பாதிப் பெண்கள் என்னிடம் வந்து "ரத்னமாலை கை வச்சுத் தைங்க" என்கிறார்கள். தோளில் சுருக்கு, முழங்கையில் மூன்று அடுக்கு. கைக்கு மட்டும் அரை நாள் ஆகிறது. சந்தோஷமாகத் தைக்கிறேன்.

நான் ரத்னமாலை கட்சி. என் அக்கா ஆவுடை, மேகவல்லி கட்சி. ஒவ்வொரு நாளும் எட்டரை மணி விளம்பரத்தில் ஃபோன் போட்டுச் சண்டை பிடிப்போம். அதெல்லாம் தை மாதத்தோடு நின்றது. இந்தப் புது வீட்டுப் பால் காய்ப்பில் என் நாத்தனார் அடுப்பு பற்ற வைத்தாள். இவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம், நான் என்ன செய்ய முடியும்? அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல் போய்விட்டாள். ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். இன்று வரை பேச்சில்லை. தப்பு என் பேரில் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போதும் எட்டரைக்கு ஃபோன் என் மடியில்தான் இருக்கும். சார்ஜ் போட வசதி, அவ்வளவுதான்.

முதுகில் நாலைந்து தடிப்பு. கொசு.

மார்ச் 29, சனி

கொசு இல்லை. அம்மா வந்துவிட்டாள்.

டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மைதான், வீட்டை விட்டு வெளிய வராதீங்க" என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். பின்கட்டு அறையில் பாய் விரித்து வேப்பிலை பரப்பியாயிற்று. வாசலில் வேப்பங்கொத்து. தாளிப்பு கிடையாது, தலை வாரக் கூடாது, டி.வி. போடக் கூடாது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை அம்மாளை மனம் குளிர வைத்திருக்க வேண்டும். இவருக்கு அம்மை வந்ததே இல்லை, அதனால் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கோயம்புத்தூரில் படிக்கிற மகளை வராதே என்று சொல்லிவிட்டோம்.

நாற்பத்து நாலு வயதில் இது தேவையா? சின்னப் பிள்ளையில் அக்காவுக்கு அம்மை போட்டபோது என்னை அத்தை வீட்டில் கொண்டு விட்டார்கள். அப்போதே வந்து தொலைத்திருக்கலாம்.

ரத்னமாலை பாயசத்தைக் குடித்தாளா? யாரிடம் கேட்பது?

மார்ச் 30, ஞாயிறு

காலையில் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் தெரியும். இவர் எனக்குத் தெரியாமல் ஃபோன் போட்டிருக்கிறார். அக்காவுக்கு ஏற்கனவே வந்து போனதால் அவள் வரலாமாம்.

காலைக் கழுவிவிட்டு அறை வாசலில் நின்றாள். பிறந்த வீட்டுச் சனத்திலேயே அவளுக்குத்தான் கனமான முகம். "எந்திக்காத, படு" என்றாள். ரெண்டு மாதத்துக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ வரணும்னு நான் சொல்லல" என்றேன்.

"ஒனக்காவ வரல. ஒம்மேல இருக்க அம்மாளுக்காவ வந்தேன். வாய மூடிக்கிட்டுக் கெட. அம்மா இருக்க வீட்ல தர்க்கம் கூடாது."

இளநீர் வெட்டிக் கொடுத்தாள். பனை விசிறியால் வீசினாள். ஒவ்வொன்றுக்கும் "இது அம்மாளுக்கு" என்று சொல்லிச் சொல்லிச் செய்தாள். என் ஃபோனைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தாள். "கண்ணுல முத்து விழுந்துரும், பாக்காத" என்றாள். பேனாவை அவள் கவனிக்கவில்லை. இந்த நோட்டு பாய்க்கடியில் இருக்கிறது.

மத்தியானம் தன் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டாள். தண்ணீர்கூடத் தன் வீட்டுப் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டாளாம். சரி, அவளிஷ்டம்.

சாயங்காலம் கிளம்பும்போது கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "யக்கா, அந்தப் பாயசம்?"

முறைத்தாள். மறுக்கக் கூடாதே, அம்மா கேட்கிறாளே! உட்கார்ந்தாள்.

"குடிக்கல. பூனைக்கு ஊத்துனா, பூனை செத்துட்டு. ஒங்க ரத்னமாலைக்குத்தான் ஒடம்பெல்லாம் சந்தேகம்லா."

வாயில்லாத ஜீவன் பாவம்தான், ஆனாலும் எனக்குத் தெம்பு வந்தது. மோர்ச்சோறு ரெண்டு கை கூடுதலாக இறங்கியது.

மார்ச் 31, திங்கள்

அரிப்பு. அரிப்பு. அரிப்பு. ஞாயிற்றுக்கிழமை சீரியலும் கிடையாது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இனி காலையில் வந்ததும் முதல் நாள் கதையைச் சொல்ல வேண்டும் என்று அம்மாள் உத்தரவு. அம்மாள் உத்தரவை நான்தான் எடுத்துச் சொன்னேன்.

நேற்று ராஜசபை கூடியிருக்கிறது. அமைச்சர் கார்வண்ணர், பாயசத்தில் விஷம் வைத்ததே ரத்னமாலைதான் என்று பழியைத் திருப்பிப் போட்டுவிட்டார். தங்கையைக் கொல்ல வைத்ததாம், கிண்ணம் மாறிவிட்டதாம். அக்கா எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். விசிறிதான் செங்கோல். "குற்றவாளிக் கூண்டுல நிக்கா ஒங்க ஆளு! மேகவல்லி ஒரு பார்வை பாக்கா பாரு, அடடா!" என்று சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"மேகவல்லிக்கு அக்கான்னு ஒரு ஈவு இரக்கம் வேண்டாமா?" என்றேன்.

"சின்னப் பிள்ளட்டி அது. அதுக்கு ஒண்ணும் தெரியாது. கூட இருக்கவங்க கெடுக்காங்க" என்றாள். மேகவல்லியை யாரும் ஒன்று சொல்லக் கூடாது அவளுக்கு.

மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சன்னல் வழியாகச் சொன்னார்: "இளையவ நீ, மூத்தவ கட்சி. மூத்தவ அவ, இளையவ கட்சி. ரெண்டு பேரும் எடம் மாறில்லா நிக்கீங்க?"

ரத்னமாலையின் நடைக்காகவும் அந்தக் கைக்காகவும்தான் அவள் கட்சி என்று இவருக்கு எத்தனை தடவை சொல்வது?

ஏப்ரல் 2, புதன்

இன்று அக்கா கதையைத் தொடங்கவே நேரம் எடுத்தாள். வேப்பிலையை மாற்றினாள். மாற்றின வேப்பிலையை மறுபடி மாற்றினாள். பானையில் தண்ணீர் இருக்க இன்னும் ஒரு குடம் ஊற்றினாள். "ராத்திரி ஒறங்குனியா, காய்ச்சல் இருந்துதா" என்று டாக்டர் மாதிரிக் கேள்விகள்.

"யக்கா, தீர்ப்பு என்னாச்சு?"

முதுகைத் திருப்பிக்கொண்டு வேப்பிலையை உருவினாள். "என்னாவும்? ஒங்க ரத்னமாலதான் ஜெயிச்சா."

நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். எப்படி என்றால், அரண்மனைச் சமையற்காரி சபைக்கு ஓடி வந்து, "பாயசம் இறக்கும்போது நான் ருசி பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, விஷம் இடைவழியில்தான் கலந்தது" என்று சாட்சி சொன்னாளாம். பாயசத்துக்கு வெல்லம் எவ்வளவு, தேங்காய்ப்பால் எவ்வளவு, எப்போது அடுப்பை அணைத்தாள் என்பது வரை சபையில் சொன்னாளாம். நாககிரிக்கு இவ்வளவு விவரமாக எழுதத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. வசனம் எழுதுகிற ஆளை மாற்றியிருப்பார்கள் போல.

அரிப்பே தெரியவில்லை. ரத்னமாலை வாழ்க!

ஏப்ரல் 3, வியாழன்

கார்வண்ணரைத் தேளிருக்கும் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது, உள்ளங்காலிலும் முத்து.

ஏப்ரல் 4, வெள்ளி

முதல் தண்ணீர். வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீரை அக்கா மெதுவாக ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவும்போது அவள் கை இவ்வளவு லேசாக இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன்.

"ஒனக்குப் போட்டப்ப யாரு கதை சொன்னா?" என்று கேட்டேன்.

"எனக்கு யாரு சொன்னா? நீ அத்த வீட்ல போயி முறுக்கு தின்னுக்கிட்டிருந்த."

இன்றைய கதை: ரத்னமாலைக்குக் காய்ச்சல். மேகவல்லி தோழியை அனுப்பவில்லை, வைத்தியரை அனுப்பவில்லை, தானே கஞ்சி கொண்டுவந்தாள். ஆனால் கதவருகே நின்றுவிட்டாள், உள்ளே வர ரோஷம். கஞ்சி ஆறிப்போயிற்று. இதற்கு முன் இந்த சீரியலில் யாரும் கஞ்சி குடித்ததில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பட்டும் வைரமும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்.

ஒன்று கவனித்தேன். அக்கா மூன்று நாளாக மேகவல்லியைத் தூக்கி வைத்துப் பேசுவதில்லை. ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பேசுகிறாள்.

மதியம் நான் தாளிக்காத ரசஞ்சோறு கேட்டேன், எங்கள் அடுப்பில் அவள்தான் வைத்தாள். உப்பு பார்க்கச் சொன்னேன். "நீயே பாரு" என்றுவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மேகவல்லி ஆற்றங்கரையில் புது அரண்மனை கட்டியிருக்கிறாளாம். பால் காய்ப்புக்கு நாள் குறித்துவிட்டார்களாம்.

"ராஜ வம்சத்துலயும் பால் காய்ப்பு உண்டாக்கா?"

"ராஜான்னா வீடு கெட்ட மாட்டானா? கதைய கேளு."

கேட்டேன். ரத்னமாலை விடியுமுன் எழுந்து குளித்தாள். புதுசாக ஒரு வெள்ளிச் செம்பு செய்து வைத்திருந்தாள். செம்பின் கழுத்தில் செத்துப்போன அம்மா பேரை வெட்டச் சொல்லியிருந்தாள். அம்மா இல்லாத பிள்ளை, அம்மா இடத்தில் நாம்தானே நின்று காய்ச்ச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. தங்கை ஆச்சரியப்பட வேண்டும் என்று ஆசை. செம்பில் பாலை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டு போனாள்.

"போனா, அங்க அடுப்பு பத்த வச்சாச்சு. வேற ஒருத்தி காய்ச்சிக்கிட்டு நிக்கா. பால் பொங்கிட்டு, எல்லாரும் குலவை போடுதாங்க."

"பெறவு?"

"பெறவென்ன. செம்பு கையில கனக்குல்லா? வாசல்லயே நின்னா."

"மேகவல்லி பாக்கலையா?"

"அவ சந்தோசமா இருந்தா. சந்தோசமா இருக்கவள எப்பிடிக் கூப்பிட?"

அக்கா விசிறியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். சுவரில் காலண்டர்கூடக் கிடையாது. "அதோட முடிச்சிட்டான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் கன்னத்துக் கொப்புளத்தில் பட்டு எரிந்தது. சீரியலுக்குத்தான் அழுதேன். "அம்மாள அழ வச்சுட்டேனே" என்று அக்கா பதறி இளநீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இந்தக் காட்சியை எழுதியவர் கட்டாயம் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரெண்டாம் தண்ணீர். "நேத்து சீரியல் இல்ல, கிரிக்கெட் போட்டுட்டான்" என்றாள். ரத்னமாலை இன்னும் வாசலிலேயே நிற்கிறாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை ஆற்றில் விட்டு, வீட்டை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவியாயிற்று. அம்மா இறங்கிவிட்டாள். அக்கா மாவிளக்கு ஏற்றிக் கும்பிட்டாள். பீரோ மேலிருந்து ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இனி நீயே பாத்துக்கிடுவ. வாரேன்" என்றாள்.

"சாப்பிட்டுப் போயேன். ரெண்டு வாய்."

"வீட்ல ஒலை வச்சுட்டு வந்துருக்கேன்."

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இத்தனை நாள் என் முதுகுக்கு மருந்து தடவினவள், இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே போனாள். வீடு பெரிதாகத் தெரிகிறது.

சாயங்காலம் மெட்டில்டா டீச்சர் வந்து வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார். ஈஸ்டருக்குக் கொடுத்த ப்ளவுஸ். "செண்பகம், துணி வெட்டிட்டியா? வெட்டலன்னா ரத்னமாலை கை வேண்டாம்ப்பா, மேகவல்லி கை வச்சிரு" என்றார்.

"ஏன் டீச்சர்? ரத்னமாலைதான எடுப்பா இருக்கும்?"

"அவளத்தான் போன செவ்வாக்கிழமையே நாடு கடத்தியாச்சே! காட்டுல மரவுரி கெட்டிக்கிட்டு அலையுதா. கார்வண்ணர் போட்ட பழி நெலச்சிட்டு. நீ பாக்கலையா?"

டீச்சர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ஃபோனில் பழைய பாகங்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். செவ்வாய்: நாடு கடத்தல். சமையற்காரி வரவே இல்லை. தேள் கிணறு இல்லை. கஞ்சி இல்லை. ஆற்றங்கரையில் அரண்மனை இல்லை. சனிக்கிழமை கிரிக்கெட்டும் இல்லை, ரத்னமாலை பசியில் காட்டுக் கிழங்கு தோண்டினாள்.

வெள்ளிச் செம்பு எங்கேயும் இல்லை.

மேகவல்லி ஜெயித்ததற்கு அக்கா துள்ளியிருக்க வேண்டும். அவள் ஆள் சிம்மாசனத்தின் பக்கத்தில் நிற்கிறாள். அதை விட்டுவிட்டு, தினமும் ரெண்டு தெரு நடந்து வரும் வழியெல்லாம் எனக்காகக் கதை கட்டியிருக்கிறாள். எட்டாங்கிளாசோடு நின்றவள், கணக்குப் பாடத்தில் ஒரு விடையைக்கூடச் சொந்தமாக எழுதாதவள்.

இவருக்குக் காப்பி போட மறந்துவிட்டேன். கேட்கவும் இல்லை, நல்ல மனிதர்.

ஏப்ரல் 9, புதன்

காலை முழுக்க மெட்டில்டா டீச்சர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு தடவை அக்கா தெருவுக்குக் கிளம்பினேன், ரெண்டு தடவை முக்கு வரை போய்த் திரும்பினேன். போய் என்ன சொல்வது? அவள் தன் செம்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ரத்னமாலையைப் பற்றித்தானே சொன்னாள்?

எட்டு மணிக்கு டி.வி. போட்டேன். எட்டரைக்கு விளம்பரம். ஃபோன் மடியில் இருந்தது. அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அவள் மடியிலும் இருந்திருக்கும்.

"யக்கா, அந்தக் கதை பாதியில நிக்கி. செம்போட வாசல்ல நிக்கால்லா, பெறவு என்னாச்சு?"

அந்தப் பக்கமும் அதே சோப்பு விளம்பரம் ஓடியது. "டி.வி.யப் பாத்துட்டியா?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது.

"பாத்தேன். அது நல்லால்ல. எனக்கு ஒன் நாககிரிதான் வேணும்."

"அம்மாள வருத்தக் கூடாதுன்னு சொன்னதுட்டி அது. இனி என்ன கதை? அவ்வளவுதான்."

"அவ்வளவு இல்ல. மிச்சத்த நான் சொல்லுதேன், கேக்கியா?" என்றேன். "மேகவல்லிக்குச் செம்பு விசயமே தெரியாது. குலவைச் சத்தத்துல அவ வாசலப் பாக்கவே இல்ல. பெறவு ஒரு நாளு ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சதும் கிரீடத்தக் கழத்தி வச்சுட்டுத் தெருவுல ஓடுனா."

"கிரீடத்த எதுக்குக் கழத்தணும்?"

"ஓடும்போது விழுந்துரும்லா!"

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று இவர் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஓடி வந்து?" என்றாள் அக்கா.

"ஓடி வந்து, 'யக்கா, சித்திரை விசுவுக்கு நீதான் எங்க வீட்ல பால் காய்ச்சணும், அந்தச் செம்பக் கொண்டா'ன்னு சொன்னா."

விளம்பரம் முடிந்துவிட்டது. ரெண்டு வீட்டிலும் டி.வி.யில் யாரோ வாள் உருவுகிறார்கள், எங்களில் யாருமே பார்க்கவில்லை.

"பரண்ல கெடக்கு" என்றாள் அக்கா. "புளி போட்டு வெளக்கணும்."

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. விடியும்போதே வந்துவிட்டாள். முந்தானையால் எதையோ மூடிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் அடுக்களையிலிருந்து ஓடினேன். வாசலிலேயே அவளை நிற்க விடாமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன்.

செம்பின் கழுத்தில் 'பேச்சியம்மாள்' என்று வெட்டியிருந்தது. எங்கள் அம்மா பெயர். நான் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

நாத்தனார் தங்கப்பொன்னுவுக்கும் சொல்லியிருந்தேன். அவள் வந்து, "மதினி, நீங்க பத்த வைங்க, எனக்குக் குலவை போடத்தான் இஷ்டம்" என்று அக்கா கையில் தீப்பெட்டியைக் கொடுத்தாள். போட்டாள் பாருங்கள் ஒரு குலவை, தெருநாய் எழுந்து ஓடியது. பால் கிழக்கே பொங்கி வழிந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொகை" என்றாள். கேஸ் அடுப்பில் ஏது புகை?

பந்தியில் முதல் இலை அவளுக்கு. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். இலையில் தண்ணீர் தெளித்தாள், சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்தாள், வாயில் வைத்தாள்.

"உப்பு பத்தல" என்றாள்.

இந்த வீட்டில் இதைவிட நல்ல வார்த்தை யாரும் சொன்னதில்லை. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மத்தியானம் இளநீர் வெட்டி என்னிடம் நீட்டினாள். "அம்மாதான் போயாச்சே, இது யாருக்கு?" என்றேன். "ஒனக்குத்தாம்ட்டி, குடி" என்றாள்.

ராத்திரி அவளைப் போக விடவில்லை. இன்று மேகவல்லிக்கு முடிசூட்டு விழா. ரெண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். யானை வந்தது, அது பொம்மை. மேகவல்லி பச்சைப் பட்டில் படியேறினாள், எங்கேயும் சுருக்கம் விழாத தையல், அதை ஒத்துக்கொள்கிறேன். தூரத்துக் காட்டில் முரசுச் சத்தம் கேட்டு ரத்னமாலை திரும்பிப் பார்த்தாள். மேகவல்லி கட்சிக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

எட்டரைக்கு விளம்பரம் போட்டான். நான் பழக்கதோஷத்தில் ஃபோனை எடுத்து அழுத்திவிட்டேன். பக்கத்தில் அக்காவின் மடியில் மணி அடித்தது. என்னைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுட்டி" என்றாள்.

விளம்பரம் முடிகிற வரை பேசிக்கொண்டிருந்தோம்.